யார் பாடலாம்?

இன்டர்நெட்டில் வீடியோ போட்டுப் பேர் எடுத்த வாலிபர்களும் பெண்களும் சில காலமாய்ப் பாட்டுத் தொழிலில் புகுந்து வருகின்றார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் தொடங்கிய இவ்வழக்கம் இப்போது உலகமெங்கும் பரவி, நம் பட்டிக்காட்டுப் பையன் கையிலுள்ள செல்போன் வரைக்கும் வந்துவிட்டது. இதைப்பற்றி இரண்டு கூட்டத்தார் இரண்டு விதமாய்ப் பேசி வருகின்றார்கள். ஒரு கூட்டத்தார், "நேற்றுவரை கோமாளி வேஷம் போட்டுக் கூத்தடித்துக் கொண்டிருந்தவனுக்குச் சங்கீதம் என்ன தெரியும்? இவர்களால் கலையே கெட்டுப் போயிற்று" என்கின்றார்கள். மற்றொரு கூட்டத்தார், "கோடிப்பேர் பார்த்தாய்விட்டது, ஆகவே அவரே மேதை, கேள்வி கேட்க நீ யார்?" என்கின்றார்கள்.

நம்மைக் கேட்டால் இவ்விரு கூட்டத்தாரும் ஒரே தப்பைத்தான் செய்கின்றார்கள் என்று சொல்லுவோம். அதாவது இருவருமே பாட்டைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லுகின்றார்கள். முன்னவர்கள் பாடுகிறவனுடைய பூர்வோத்தரத்தை விசாரிக்கின்றார்கள். பின்னவர்கள் கூட்டத்தின் தலைகளை எண்ணுகின்றார்கள். பூர்வோத்தரத்தைக் கொண்டு மனிதனுக்கு யோக்கியதை கற்பிப்பதையும், பலபேர் ஒத்துக்கொண்டதாலேயே ஒரு சங்கதி உண்மையாகிவிடும் என்பதையும் எதிர்த்து வந்திருக்கும் நம் தோழர்கள், பாட்டு விஷயத்தில் மாத்திரம் இவ்விரண்டு குழியில் ஒன்றில் போய் விழுந்துவிடக் கூடாதென்பதற்காகவே இதைக் கொஞ்சம் விரிவாய் எழுத வேண்டியதாயிற்று.

முதலாவது, இந்த மாறுதல் வந்த விதத்தைப் பார்ப்போம். முன்னெல்லாம் ஒருவன் பாடுவதை ஊர் கேட்க வேண்டுமானால் அவன் பல வாயில்காப்போரைக் கும்பிட்டாக வேண்டும். சபைக் காரியதரிசி ஒருவர். ரேடியோ அதிகாரி ஒருவர். ரிக்கார்டுக் கம்பெனி ஏஜெண்டு ஒருவர். சினிமா முதலாளி ஒருவர். ரிக்கார்டு எடுக்கும் யந்திரமும், அதை விற்கும் கடையும், அதற்கு விளம்பரம் செய்யும் பணமும் இவர்கள் கையில் இருந்தன. குரல் நன்றாயிருப்பது மாத்திரம் போதாது. யாருடைய மகன், யாருடைய சிஷ்யன், எந்தத் தெரு என்பவைகளும் நன்றாயிருக்க வேண்டும். எத்தனை நல்ல குரல்கள் ஏர்க்கால் பின்னாலும் நெசவுத் தறிக்குள்ளும் பிறந்து அங்கேயே அடங்கிப் போயின என்பதற்கு யாரிடத்தில் கணக்கு இருக்கின்றது?

2005-ல் யூடியூப் என்பது அமெரிக்காவில் ஏற்பட்டது. 2006-ல் கூகிள் கம்பெனியார் 165 கோடி டாலர் கொடுப்பதாகப் பேசி அதை வாங்கினார்கள். யார் வேண்டுமானாலும், யாருடைய உத்தரவும் இல்லாமல், தன் படத்தையும் குரலையும் அதில் ஏற்றலாம் என்பதுதான் அதன் விசேஷம். 2007-ல் கனடா தேசத்தில் ஒண்டாரியோ மாகாணத்து ஸ்ட்ராட்போர்ட் என்ற சிறிய ஊரில் ஜஸ்டின் பீபர் என்கிற 12 வயதுப் பையன் உள்ளூர்ப் பாட்டுப் போட்டியில் பாடினான். அவனைத் தனியே வளர்த்து வந்த தாயார், வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று அதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டார். சொந்தக்காரர்களோடு ஊராரும் பார்த்தார்கள்; பிறகு அமெரிக்காவில் ஸ்கூட்டர் பிரௌன் என்னும் பாட்டுத் தொழில் ஏஜெண்டும் தற்செயலாய்ப் பார்த்தார். 2010-ல் அந்தப் பையன் பாடிய 'பேபி' என்ற பாட்டை உலகமே முணுமுணுத்தது. அதே மாகாணத்தைச் சேர்ந்த ஷான் மென்டிஸ் என்ற இன்னொரு வாலிபர், ஆறே வினாடி ஓடும் வீடியோக்களுக்கென்று இருந்த 'வைன்' என்பதில் 2013-ல் பிறர் பாட்டுக்களைத் துண்டு துண்டாய்ப் பாடிப் போட ஆரம்பித்தார். 2015-ல் அவருடைய முதல் ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலாவதாய் வந்தது.

இந்த இருவரையும் பற்றிக் கலைக் காவலர்கள் அதிகமாய்க் கூச்சல் போடவில்லை. ஏனெனில் இவர்கள் வீடியோவிலும் பாடகர்களாகவே வந்தார்கள். வேறு வேலையாய் வீடியோவில் புகுந்து, பிறகு பாட்டுக்கு வந்தவர்களைக் கண்டால்தான் இவர்களுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

அதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். ஜப்பான் தேசத்து ஒசாகா நகரத்தில் பிறந்த ஜார்ஜ் மில்லர் என்பவர் யூடியூபில் 'பில்தி பிராங்க்', அதாவது 'அழுக்குப் பிராங்க்' என்று ஒரு வேஷம் கட்டி வந்தார். பேருக்கு ஏற்றபடியே வேஷமும் இருந்தது. கத்தல், அருவருப்பு, கண்டதைத் தின்று கக்குதல், எந்த இனத்தாரையும் விட்டுவைக்காமல் பரிகாசம் செய்தல் ஆகியவைகளே அதன் சரக்கு. அதை லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். ஆனால் இதே மனிதர் 'ஜோஜி' என்ற பேரில், வேஷத்துக்கு முற்றிலும் மாறான, மெதுவாயும் துக்கமாயும் ஓடும் பாட்டுக்களைத் தனியே செய்து வந்தார். யூடியூபுக்குத் தாம் வந்ததே தம் பாட்டை ஜனங்களிடம் கொண்டுபோகத்தான் என்றும், கேலி முந்திக்கொண்டுவிட்டது என்றும் அவரே சொல்லியிருக்கின்றார். 2017 டிசம்பரில் உடம்பு கெட்டுவிட்டதைக் காரணம் சொல்லி அவ்வேஷத்தைக் களைந்து போட்டார். 2018 அக்டோபரில் அவருடைய 'பேலட்ஸ் 1' என்னும் ஆல்பம் வெளிவந்து, பில்போர்டு பத்திரிகையின் ஆர் அண்டு பி-ஹிப்ஹாப் ஆல்பப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆசியாவில் பிறந்த ஒருவர் அப்பட்டியலில் முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை. 2022-ல் அவருடைய 'கிலிம்ப்ஸ் ஆப் அஸ்' என்ற பாட்டு அமெரிக்காவின் முக்கியமான பாட்டுப் பட்டியலில் முதல் பத்துக்குள் ஏறிற்று.

இவரைப் பார்த்து, "நேற்றுக் கக்கினவன் இன்று பாடுவதா?" என்று கேட்டால் நாம் என்ன சொல்லுவோம்? வேஷத்தில் பிற இனத்தாரை இழித்துப் பேசினது தப்பு. அந்தத் தப்புக்காக அவரைத் தாராளமாய்க் கண்டிக்கலாம், நாமும் கண்டிக்கின்றோம். ஆனால் அதை எடுத்து வந்து, அவர் பாட்டு மட்டம் என்பதற்கு அத்தாட்சியாக நீட்டுவது எந்தத் தர்க்க சாஸ்திரம்? கோமாளி பாடக்கூடாது என்றால், கோமாளித்தனம் என்ன தொண்டையிலே ஒட்டிக்கொள்ளும் தீட்டா? நம் நாட்டில் கிட்டப்பாவும், கே.பி. சுந்தராம்பாளும், தியாகராஜ பாகவதரும் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தவர்கள் அல்லவா? 'கூத்தாடி' என்று இளக்காரமாய்ச் சொன்ன அதே வாய்கள்தானே பிறகு அவர்கள் பாட்டை வீட்டுக்கு வீடு முனகிக்கொண்டிருந்தன? சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போகிறவன் விதைத்தவன் யார் என்று விசாரிப்பதில்லை; சொத்தையா, நல்லதா என்று கையால் திருப்பிப் பார்க்கின்றான். கத்தரிக்காய்க்குக் காட்டும் நியாயத்தைப் பாட்டுக்குக் காட்டக்கூடாதா?

இன்னும் ஒரு சேதி. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் லில் நாஸ் எக்ஸ் என்று பேர் வைத்துக்கொண்ட ஒரு கறுப்பு வாலிபர், இன்டர்நெட்டில் சின்னச் சின்னக் கேலி வீடியோக்களும் கேலிப் படங்களும் செய்து காலந் தள்ளிக் கொண்டிருந்தார். இன்டர்நெட்டில் ஒருவர் விலைக்குப் போட்டிருந்த தாள மெட்டு ஒன்றை 30 டாலருக்கு வாங்கி, அதன் மேல் 'ஓல்டு டவுன் ரோடு' என்று குதிரைக்காரன் பாட்டு ஒன்று பாடி 2018 டிசம்பரில் வெளியிட்டார். டிக்டாக்கில் ஜனங்கள் அதற்கு வேஷங் கட்டி ஆடவே, பாட்டு ஊரெல்லாம் பரவிற்று. அமெரிக்காவில் 'கண்ட்ரி' என்பது நாட்டுப்புறப் பாட்டு வகை. அதைப் பெரும்பாலும் வெள்ளைக்காரர் சொத்து என்றே வியாபாரிகள் நினைத்து வந்தார்கள். இவருடைய பாட்டு அந்த வகையின் பட்டியலில் ஏறினவுடன், 2019 மார்ச்சில், கண்ட்ரிக்குரிய அம்சங்கள் இதில் போதவில்லை என்று சொல்லிப் பட்டியல்காரர்கள் அதை நீக்கிவிட்டார்கள். நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்லிக் கொண்டார்கள். ஜனங்கள் நம்பவில்லை. பில்லி ரே சைரஸ் என்ற வெள்ளைக்காரக் கண்ட்ரிப் பாடகர் ஒருவர் கூடச் சேர்ந்து பாட, அப்பாட்டு எல்லா வகைப் பாட்டுக்களுக்கும் பொதுவான பட்டியலில் 19 வாரம் தொடர்ந்து முதலாவதாய் நின்றது. அதுவரை எந்தப் பாட்டும் அத்தனை வாரம் நின்றதில்லை.

இதிலிருந்து தெரிவது என்ன? 'உனக்கு இந்தப் பாட்டு ஆகாது' என்று சொல்லும் அதிகாரி ஒவ்வொரு தேசத்திலும் இருக்கின்றான். அவன் வைத்திருக்கும் சாஸ்திரத்தின் பேர் மாத்திரம் தேசத்துக்குத் தேசம் வேறு. அந்த அதிகாரியைக் கேட்காமலே ஒருவன் நேரே ஜனங்களிடம் போவதற்கு ஒரு வழி ஏற்பட்டது நல்லதா, கெட்டதா என்று நம்மைக் கேட்டால், நல்லது என்றே ஆயிரம் தடவை சொல்லுவோம். அதில் பத்து உதவாக்கரைப் பாட்டும் சேர்ந்து வந்தால் வரட்டும். பழைய வாசல் வழியாய் வந்ததெல்லாம் அமிர்தமாகவா இருந்தது?

நிற்க, இப்போது இரண்டாவது கூட்டத்தாரிடம் வருவோம். வாயில்காப்போன் ஒழிந்தான் என்ற சந்தோஷத்தில் இவர்கள் எண்ணிக்கை என்ற ஒரு புதுச் சாமியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். "இத்தனை கோடிப் பார்வை" என்று சொல்லிவிட்டால் பிறகு பேச்சே கிடையாது. வேதத்தில் சொல்லியிருக்கின்றது என்று வாயை அடைப்பதற்கும், கணக்கில் காட்டியிருக்கின்றது என்று வாயை அடைப்பதற்கும் என்ன பேதம்?

கணக்கின் லட்சணத்தைச் சற்றுப் பாருங்கள். இங்கிலாந்தில் கே.எஸ்.ஐ. என்ற பேரால் விளங்கும் ஒலாஜிடே ஒலாடுஞ்சி, நைஜீரிய வம்சாவளியைச் சேர்ந்தவர். 2009 முதல் வீடியோ கேம் கால்பந்தாட்டத்தை ஆடிக்கொண்டே பேசும் வீடியோக்களைப் போட்டுப் பெருங் கூட்டத்தைச் சேர்த்தார். 2020-ல் அவருடைய முதல் ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாவதாயும், 2021-ல் அடுத்த ஆல்பம் முதலாவதாயும் வந்தன. இவர் பாடக்கூடாது என்று சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. ஆனால் 2024-ல் அவர் 'திக் ஆப் இட்' என்று ஒரு பாட்டு வெளியிட்டபோது இன்டர்நெட் முழுதும் அதைக் கேலி செய்து சிரித்தது. அப்படியிருந்தும் அது பிரிட்டிஷ் பட்டியலில் ஏறத்தான் செய்தது. எப்படி? கேலி செய்கிறவனும் பாட்டைப் போட்டுத்தானே கேலி செய்யவேண்டும்? ரசித்துக் கேட்டவன் ஒருவன், சிரிக்கக் கேட்டவன் ஒருவன், இன்னதென்று தெரியாமல் விரலால் தொட்டவன் ஒருவன். யந்திரத்துக்கு மூவரும் ஒன்றே. திருவிழாவில் யானை மிரண்டு ஓடினாலும் கூட்டம் கூடத்தான் கூடும். அதற்காக யானை அழகாய் ஓடிற்று என்று யாரும் பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை.

அந்தப் 'பார்வை' என்பதற்குத்தான் நிலையான அர்த்தம் இருக்கின்றதா? யூடியூபின் குறு வீடியோக்களில் ஒரு பார்வை என்றால் என்ன என்பதை 2025 மார்ச்சு முடிவில் கம்பெனியாரே மாற்றிவிட்டார்கள். எத்தனை வினாடி பார்த்தான் என்ற கேள்வியே இல்லாமல், வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுவதாய் ஏற்பாடு. படி அளவை வியாபாரியே குறைத்துக்கொண்டு, நெல் அதிகம் விளைந்துவிட்டது என்று சொன்னால் நம் குடியானவர்கள் ஒப்புக்கொள்ளுவார்களா?

எண்ணிக்கைச் சாமிக்குப் பலியானவர்களும் உண்டு. 2011-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ரெபெக்கா பிளாக் என்ற 13 வயதுப் பெண்ணுக்குப் பாடவேண்டும் என்று ஆசை. அவளுடைய தாயார் சுமார் 4000 டாலர் கொடுத்து ஒரு கம்பெனியிடம் ஏற்பாடு செய்தார். பாட்டெழுதுவது, மெட்டுப் போடுவது, படம் பிடிப்பது எல்லாம் கம்பெனியின் வேலை. 'பிரைடே' என்று, வெள்ளிக்கிழமை வந்துவிட்டது என்பதைத் தவிர வேறு சங்கதி இல்லாத ஒரு பாட்டை அவர்கள் செய்து கொடுத்தார்கள். குழந்தை பாடினாள். கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். பார்த்துக் காறித் துப்பினார்கள். பாட்டை எழுதினவரையோ பணம் வாங்கினவரையோ ஒருவரும் தேடவில்லை. 13 வயதுக் குழந்தையைத்தான் உலகம் முழுதும் சேர்ந்து அடித்தது. பள்ளிக்கூடத்தில் பட்ட பரிகாசம் தாங்காமல் அவள் பள்ளியை விட்டு வீட்டிலேயே படிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று கம்பெனிக்கும் குடும்பத்துக்கும் தகராறு வந்து, சில மாதம் அந்த வீடியோவே எடுக்கப்பட்டிருந்தது.

அவள் அதோடு ஒழிந்து போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வளர்ந்து, கற்றுக்கொண்டு, தானே பாட்டுச் செய்து, 2023-ல் முழு ஆல்பம் ஒன்றை வெளியிட்டு, மேடையேறிப் பாடி மதிப்புப் பெற்றாள். 13 வயதில் ஒருத்தி பாடிய ஒரு பாட்டைக் கொண்டு அவளுடைய ஆயுசுக்கும் தீர்ப்பு எழுதினவர்கள் இதைப் பார்த்து வெட்கப்பட வேண்டும். மனிதன் கற்றுக்கொள்ளக் கூடியவன், மாறக் கூடியவன் என்பதை ஒப்புக்கொள்ளாதவர்களுக்குப் பகுத்தறிவைப் பற்றிப் பேச யோக்கியதை ஏது?

இனி மூன்றாவது விஷயம். இதுதான் நம் வாலிபர்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது. வாயில்காப்போன் போனான் என்பது மெய். ஆனால் நிலத்துக்காரன் போகவில்லை. இந்த வீடியோ வீதியெல்லாம் யாரோ ஒரு முதலாளியின் சொந்த நிலம். அவன் விட்டால் கடை, மூடினால் நடுத்தெரு. ஷான் மென்டிஸ் பாடிய அந்த 'வைன்' என்பதை அதன் முதலாளிகள் 2017 ஜனவரியில் மூடிவிட்டார்கள். மென்டிஸ் அதற்குள் வேறு இடத்தில் கால் ஊன்றிக்கொண்டார். ஊன்றாத வாலிபர்களின் கூட்டம் ஒரே நாளில் கலைந்தது. 2020 ஜூன் 29-ல் இந்திய சர்க்கார் டிக்டாக்கைத் தடை செய்த அன்று, அதில் ஆடியும் பாடியும் ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்திருந்த நம் கிராமத்துப் பிள்ளைகளின் கதியும் அதுவே. 2024 ஜனவரி முடிவில் யூனிவர்சல் என்ற பெரிய பாட்டுக் கம்பெனிக்கும் டிக்டாக்குக்கும் கூலிச் சண்டை வந்து, அக்கம்பெனியின் பாட்டுக்களெல்லாம் மே மாதம் வரை அங்கே ஊமையாய்க் கிடந்தன. இரண்டு யானை சண்டையிட்டால் நசுங்குவது புல் என்பது இங்கேயும் பொருந்திற்று.

கூலி விஷயமும் கேளுங்கள். ஸ்பாட்டிபை என்னும் பாட்டுக் கம்பெனி 2024 முதல் ஒரு விதி செய்திருக்கின்றது. ஒரு பாட்டைப் 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்காவிட்டால் அதன் ரிக்கார்டிங்குக்குக் காசே கிடையாது என்பது அவ்விதி. ஆயிரத்துக்குக் குறைந்தவனுடைய அரையணாக்களெல்லாம் சேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் போகும். கோயில் உண்டியலில் ஏழை போட்ட காசு யாருக்குப் போகின்றது என்று கேட்கத் தெரிந்த நமக்கு, இந்த உண்டியலைப் பற்றியும் கேட்கத் தெரிய வேண்டும்.

ஆகவே நிலத்துக்காரனுடைய வீதியில் கடை போடுகிறவன் தன் சரக்கையாவது தன்னுடையதாய் வைத்திருக்க வேண்டும். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கின்றது. வார்த்தையும் மெட்டும் ஒரு சொத்து. அதைப் பாடிப் பதிவு செய்த ரிக்கார்டு இன்னொரு சொத்து. ஒன்றை எழுதிக் கொடுத்தால் மற்றொன்றும் போய்விட்டதாய் அர்த்தமில்லை. ஒப்பந்தக் காகிதத்தில் இரண்டையும் ஒரே வரியில் சுருட்டிக்கொள்ளுவதுதான் வியாபாரியின் சாமர்த்தியம். பாட்டு என்பது காற்றோடு போகும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். யூடியூபில் பாடின அந்தப் பீபர், 2021 முடிய வெளியான தம் பாட்டுக்களில் தமக்குள்ள பங்கை 2023 ஜனவரியில் சுமார் 20 கோடி டாலருக்கு விற்றதாய்ப் பத்திரிகைகள் எழுதின. வேறொருவன் 20 கோடி கொடுத்து வாங்கும் சொத்தை, நம் பிள்ளைகள் ஒரு கேமராவுக்கும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் எழுதிக் கொடுப்பதா? நம் நாட்டுச் சட்டத்திலும் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தத்தின்படி, சினிமாவுக்குப் பாட்டெழுதினவரும் மெட்டமைத்தவரும், கொட்டகைக்கு வெளியே அப்பாட்டு உபயோகப்படும்போது தமக்கு வரவேண்டிய ராயல்டிப் பங்கை முதலாளிக்கு விட்டுக் கொடுத்துவிட முடியாது. சட்டம் இருந்தும் தெரியாதவனுக்கு இல்லாததற்குச் சமானமே.

நம் தமிழ்நாட்டிலும் இந்த வாசல் திறந்துதான் இருக்கின்றது. கோயமுத்தூர்ப் பிள்ளையான ஆதி, ஹிப்ஹாப் தமிழா என்ற பேரால் தம் கூட்டாளி ஜீவாவோடு இன்டர்நெட்டில் பாட்டுக்களை விட்டு வந்தார். 'கிளப்புல மப்புல' என்ற பாட்டு 2011-ல் யூடியூபின் மூலம் ஊரெல்லாம் பரவிற்று. 2012-ல் ஆல்பம் வந்தது. 2015-ல் 'ஆம்பள' என்ற சினிமாவுக்கு அவர்களே சங்கீதம் அமைத்தார்கள். செல்போன் வாசல் வழியாகவே சினிமாவுக்குள் போனார்கள் என்பதை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆனால் வரவேற்பு வேறு. பாட்டைக் கேட்பது வேறு. அந்தப் புகழ்பெற்ற பாட்டு சொல்லுகிற சங்கதி என்ன? பெண்கள் கிளப்புக்குப் போகிறார்கள், குடிக்கிறார்கள், பண்பாடு போயிற்று என்று பெண்களைப் பார்த்துப் புலம்புவது. குடி கெட்டதென்றால் குடிக்கிற ஆணுக்கும் கெட்டதுதானே? ஆண் குடித்தால் வேடிக்கைப் பாட்டு, பெண் குடித்தால் ஒப்பாரிப் பாட்டு என்பது எந்த ஊர் நியாயம்? மனுவின் சரக்கைப் புது யந்திரத்தில் ஏற்றி, ஆங்கிலத் தாளத்தில் பாடினால் அது புதுச் சரக்காய்விடுமா? வாசல் புதியதென்பதாலேயே உள்ளே வருவதெல்லாம் புதியதாகிவிடாது என்பதற்கு நம் வீட்டிலேயே இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. பாடினவர் வாலிபர், வளருவார், மாறுவார். நாம் சொல்லுவது பாட்டைப் பற்றி.

ஆகவே நாம் சொல்லுவதைச் சுருக்கமாய்ச் சொல்லி முடிக்கின்றோம்.

கேட்கிறவர்களுக்கு: பாடுகிறவன் நேற்று என்ன வேஷம் போட்டான் என்று கேட்காதீர்கள். எத்தனை கோடி என்றும் கேட்காதீர்கள். பாட்டைக் கேளுங்கள். காதுக்கு இனிக்கின்றதா, புத்திக்குப் பொருந்துகின்றதா, யாரையாவது இழிவுபடுத்துகின்றதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் பாட்டைத் திட்டுங்கள். பாடின குழந்தையைத் திட்டாதீர்கள்.

பெற்றோர்களுக்கு: பிள்ளை வீடியோவில் பாடுகின்றான் என்றால் 'கூத்தாடிப் பிழைப்பு' என்று அடிக்கவும் வேண்டாம், நாளைக்கே கோடீசுவரன் ஆவான் என்று நிலத்தை அடமானம் வைக்கவும் வேண்டாம். பீபர் ஒருவர் பேர்தான் வெளியே தெரிகின்றது. பாடி, பார்ப்பாரில்லாமல் போன பிள்ளைகளின் பேரை யாரும் எழுதி வைப்பதில்லை. லாட்டரியில் ஜெயித்தவன் படத்தை மாத்திரம் அச்சடிப்பது போலத்தான் இதுவும். பெண் பிள்ளை பாட விரும்பினால் அவளுக்கும் ஆண் பிள்ளைக்குள்ள அதே உரிமையைக் கொடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்பதை ஊருக்கே விட்டுவிடுங்கள்.

பாட வரும் வாலிபர்களுக்கு: உங்களை யாரும் தடுக்க உரிமையில்லை, ஆனால் கற்றுக்கொள்ளாமல் பாட உங்களுக்கு நீங்களே உரிமை கொடுத்துக்கொள்ள வேண்டாம். தொண்டையையும் தாளத்தையும் பழக்குங்கள். கையில் ஒரு தொழிலோ படிப்போ இருக்கட்டும். பணம் வாங்கிக்கொண்டு உங்களைப் பாடகராக்குகிறேன் என்று சொல்லுகிறவனை, பணம் வாங்கிக்கொண்டு மோட்சம் கொடுக்கிறேன் என்பவனைப் பார்க்கிற பார்வையாலேயே பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். எத்தனை வருஷத்துக்கு, எந்த எந்தத் தேசத்துக்கு, எந்தச் சொத்தை, என்ன பங்குக்கு எழுதிக் கொடுக்கின்றோம் என்ற நான்கு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு பேனாவை எடுங்கள்.

யார் பாடலாம் என்ற கேள்விக்கு நம் பதில், பாட ஆசையும் உழைப்பும் உள்ள எவரும் பாடலாம் என்பதே. அந்தப் பாட்டு நல்லதா என்பதைப் பாடினவனுடைய பழங்கதையும் சொல்லாது, முதலாளியின் யந்திரமும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது கேட்கிறவனுடைய காதும் அறிவும். அவ்விரண்டையும் யாருக்கும் அடகு வைக்காதிருப்பார்களாக.